முதியோர் அவசர சிகிச்சைத் தர அளவீடு

முதியோர் அவசர சிகிச்சைத் தர அளவீடு என்பது, மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் முதியோருக்குக் கிடைக்கும் கவனிப்பு உரிய காலத்திலும் உரிய முறையிலும் அமைகிறதா என்பதை எண்களால் கணிக்கும் முறை ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினர். இந்திய அளவில் இது 8.6 விழுக்காடு.

தேவை

முதுமையில் நோய்க்குறிகள் மாறுபட்டுத் தோன்றும். மாரடைப்பு நெஞ்சுவலியின்றி மூச்சுத்திணறலாக மட்டும் வரலாம். கடும் நோய்த்தொற்று காய்ச்சலின்றித் திடீர் மனக்குழப்பமாக வெளிப்படலாம். இதனால் உடனே கவனிக்கப்பட வேண்டியவர் காத்திருக்க நேரிடும். எல்லா வயதினருக்குமான சராசரியில் இத்தவறு மறைந்துவிடும்.

அளவிடும் கூறுகள்

அவேடிசு டொனபீடியன் 1966இல் மருத்துவத் தரத்தை மூன்றாகப் பகுத்தார்.

* கட்டமைப்பு: வழுக்காத தரை, கைப்பிடி, பயிற்சி பெற்ற செவிலியர்.
* செயல்முறை: மாரடைப்பு ஐயமுள்ளவருக்கு 10 நிமிடத்துக்குள் இதய மின்னலை வரைவு எடுத்தல், எலும்பு முறிவுக்கு விரைந்த வலிநீக்கம், மனக்குழப்பச் சோதனை, உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறிதல்.
* விளைவு: 72 மணி நேரத்துக்குள் மீண்டும் வருதல், 30 நாட்களுக்குள் இறப்பு, முன்போல் நடக்க இயலுதல்.

தமிழ்நாட்டில்

108 அவசர ஊர்திச் சேவை 2008இல் தொடங்கியது. தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சை முன்முயற்சித் திட்டத்தின்கீழ் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகின்றனர். இந்திய அரசு 2013இல் வெளியிட்ட தேசியத் தர உறுதிப்பாட்டு நெறிகள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் பொருந்தும். இதில் ஒவ்வொரு கூறுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் இடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் தவறி விழும் மூதாட்டி நேரே மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படலாம். மேலூரில் விழுபவர் முதலில் அவ்வூர் அரசு மருத்துவமனைக்குச் சென்று, பின்னர் மதுரைக்கு அனுப்பப்படலாம். மதுரையை அடைந்த நேரத்திலிருந்து மட்டும் கணக்கிட்டால் இருவரின் காத்திருப்பும் சமமாகத் தோன்றும். இடையில் இழந்த நேரம் எவ்வேட்டிலும் இடம்பெறாது. ஆகவே விழுந்த நேரமும் முதல் மருத்துவமனையை அடைந்த நேரமும் பதிவு செய்யப்படுதல் இன்றியமையாதது.

வரம்புகள்

ஒரே அளவை மட்டும் நம்புவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இங்கிலாந்தில் நோயாளியை 4 மணி நேரத்துக்குள் அனுமதிக்கவோ அனுப்பவோ வேண்டும் என்னும் இலக்கு 2004 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டபோது, கெடு முடியும் கடைசி நிமிடங்களில் பலர் அவசர அவசரமாக உள்நோயாளிகளாக மாற்றப்பட்டனர். அவர்களுள் முதியோர் மிகுதி. மேலும், பிறந்த நாளை அறியாத முதியோரின் வயது 60, 65, 70 எனத் தோராயமாக எழுதப்படுவதால், வயதுவாரிக் கணக்கும் பிழைபடக்கூடும்.