வலியைத் தள்ளிப்போடும் மருந்து வேறு, நுரையீரலை முதிரவைக்கும் ஊசி வேறு

எட்டாம் மாதத்தில் இடுப்பு வலித்தால் நம் வீடுகளில் முதலில் சீரகக் கஷாயம்தான் வரும். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், பிரசவ வலி என்றால் கூடும் என்பது பெரியவர்களின் கணக்கு. 34 வாரம் நிறையாத கர்ப்பிணிக்கு இந்தக் கணக்கு ஆபத்தானது. அப்படிக் காத்திருக்கும் சில மணி நேரம்தான் குழந்தையின் நுரையீரலுக்குக் கிடைக்க வேண்டிய அவகாசம்.

முதிராத நுரையீரலில் என்ன குறை?

நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான படலம் இருக்கிறது. அது இல்லாவிட்டால், ஈரமான பிளாஸ்டிக் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல், மூச்சை வெளியே விடும்போதெல்லாம் காற்றுப்பைகள் சுருங்கிவிடும். கருவில் 24 வாரம் வாக்கில் சுரக்கத் தொடங்கும் இந்தப் பொருள், போதிய அளவை எட்ட ஏறக்குறைய 35 வாரம் ஆகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதன் குறைவே காரணம் என்று 1959இல் அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி கண்டறிந்தார்.

ஆட்டுக்குட்டி காட்டிய வழி

1960களில் நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்பதை ஆடுகளிடம் ஆராய்ந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததால் மிக முன்னதாகப் பிறந்த குட்டிகள், பிழைக்க வழியில்லாத வயதிலும் மூச்சுவிட்டன. அவரும் ராஸ் ஹோவியும் 282 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 1972இல் வெளியானது. ஒப்பீட்டுக் குழுவில் 100 குழந்தைகளில் 26 பேருக்கு வந்த மூச்சுத்திணறல், ஸ்டீராய்டு ஊசி போட்ட குழுவில் 9 பேருக்கே வந்தது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியால் பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது.

இரண்டு மருந்துகள், இரண்டு வேலைகள்

நிஃபெடிபின், அடோசிபன் போன்றவை கருப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும். நுரையீரலை அவை முதிரவைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு நாள் வரை பிரசவத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளில் ஸ்டீராய்டு தன் வேலையைச் செய்கிறது. பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் 2 ஊசி, டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. இவை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைந்து, சர்ஃபாக்டன்ட் சுரப்பைத் தூண்டுகின்றன. முதல் ஊசி போட்டு ஒரு நாள் கழிந்தபின் ஏழு நாள் வரை பலன் அதிகம்.

32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால் தரப்படும் மக்னீசியம் சல்ஃபேட், குழந்தையின் மூளையைக் காப்பதற்கானது.

கவனிக்க வேண்டியவை

ஸ்டீராய்டு தாயின் ரத்தச் சர்க்கரையைச் சில நாட்களுக்கு ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேவையின்றித் திரும்பத் திரும்பப் போட்டால் குழந்தையின் எடை குறையக்கூடும். நிஃபெடிபின் ரத்த அழுத்தத்தைக் குறைத்துத் தலைவலி தரலாம். கருப்பையில் தொற்றோ கடும் ரத்தப்போக்கோ இருந்தால் பிரசவத்தைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. ஆகவே இந்த மருந்துகளை மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும்.

எப்போது கிளம்ப வேண்டும்?

விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வயிற்று இறுக்கம், குறையாத இடுப்பு வலி, அடிவயிற்றில் அழுத்தம், நீர் கசிதல், ரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

ஸ்கேன் அறிக்கைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாரக் கணக்கு சரியாகத் தெரிந்தால்தான் ஊசி தேவையா என்று மருத்துவரால் முடிவெடுக்க முடியும். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், ஊசி போடப்பட்டதா, எத்தனை மணிக்கு என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

‘ஏழு மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது’ என்ற பேச்சை நம்பாதீர்கள். கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்குப் பலம். அந்த வாரங்கள் கிடைக்காத குழந்தைக்கு, நேரத்தோடு போட்ட ஊசியே பெரிய துணை.