குடலில் குடியிருக்கும் கிருமிகள்

காய்ச்சிய பாலில் கொஞ்சம் மோர் ஊற்றி மூடி வைக்கிறோம். காலையில் தயிராகிவிடுகிறது. பாலைத் தயிராக்கியது யார்? மோரில் இருந்த கிருமிகள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்.

நம் உடம்பிலும் கிருமிகள் உண்டு. சுமார் 38 லட்சம் கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. பெருங்குடல் சுமார் 5 அடி நீளம். மலம் கெட்டியாகும் இடம் அது. அங்குள்ள கிருமிகளில் பல நமக்கு நல்லதே செய்கின்றன. சில அப்படி இல்லை.

கிருமியால் புற்றுநோய் வருமா?

இரைப்பையில் வரலாம். அது உறுதியாகிவிட்டது. இரைப்பையில் தங்கும் ஒரு கிருமியை ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-ல் தாமே குடித்துப் பார்த்தார். சில நாளில் வாந்தி வந்தது. இரைப்பையில் அழற்சி ஏற்பட்டது. நமக்கு வேண்டாம் இந்தத் துணிச்சல்! அதே கிருமி புற்றுநோய்க்கும் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மையம் 1994-ல் அறிவித்தது.

பெருங்குடல் விஷயம் இன்னும் அவ்வளவு தெளிவாகவில்லை.

சுவர் செங்கற்களால் ஆனது. உடம்பு செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குறிப்பு இருக்கிறது. எப்படி வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற குறிப்பு. அது கெட்டுப்போனால் செல் கட்டுப்பாடின்றிப் பெருகலாம். அதுதான் புற்றுநோய்.

ஈ.கோலை என்ற கிருமியில் பல வகை. ஒரு வகை ஒரு நஞ்சைச் சுரக்கிறது. நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் மனிதக் குடலின் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அவற்றோடு இந்தக் கிருமியை 5 மாதம் பழகவிட்டார்கள். செல்களின் குறிப்பில் எழுத்துகள் சிதைந்தன. பிறகு நோயாளிகளின் குடல் கட்டிகளைச் சோதித்தார்கள். சில கட்டிகளில் அதே சிதைவு! திருடன் விட்டுப்போன கைரேகை போல. இது 2020-ல் வெளியானது.

வாயில் வாழும் இன்னொரு கிருமியும் குடல் கட்டிகளில் காணப்படுகிறது. கட்டியை உண்டாக்கியது அதுதானா? புண்ணில் ஈ மொய்க்கிறது. புண்ணை உண்டாக்கியது ஈ அல்லவே. அதனால் ஆராய்ச்சி தொடர்கிறது.

பேதி கண்டவருக்கெல்லாம் புற்றுநோய் வராது. ஈ.கோலையின் அந்த வகை, நலமாக இருப்பவர் பலரின் குடலிலும் உண்டு. வயது, பரம்பரை, புகை, மது இவையும் காரணங்கள். இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது.

பெருங்குடல் புற்று பெரும்பாலும் மரு போன்ற சிறு சதையாகத் தொடங்குகிறது. புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி இராது. சிலருக்கு மலத்தில் ரத்தம் வரும். "மூலம்தான்" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பெண்கள் வீட்டில்கூடச் சொல்வதில்லை. வெளியே சொல்லக் கூச்சம்தான். மூலமாகவும் இருக்கலாம். பார்க்காமல் எப்படித் தெரியும்?

மருத்துவர் முதலில் விரலால் சோதிப்பார். தேவைப்பட்டால் விளக்கு பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் குடலுக்குள் பார்ப்பார்கள். சிறு சதை இருந்தால், பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடுவார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.