பங்கு பிரிக்கும் விளையாட்டு

உயர்தர வகுப்பில் நான் கற்கும் பொருளியல், மனிதன் தன் நலனையே நாடுவான் என்ற எடுகோளுடன்தான் தொடங்குகிறது. அது எல்லா இடத்திலும் உண்மையா? ஒரு சிறிய விளையாட்டு இதனைச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

ஜேர்மனியைச் சேர்ந்த வேர்னர் கியூத்தும் அவரது இரு சகாக்களும் 1982இல் அதனை வெளியிட்டனர். ஒருவரையொருவர் அறியாத இருவர். முதலாமவருக்கு 100 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் மற்றவருக்கு எவ்வளவு என்று அவர் கூற வேண்டும். மற்றவர் சம்மதித்தால் இருவருக்கும் பங்கு கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் எதுவுமில்லை.

சுயநலக் கணக்கின்படி 1 ரூபாய் தந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால், பல நாட்டு மாணவர்களிடம் நடத்தியபோது, பெரும்பாலும் 40 முதல் 50 வீதம் வரை கொடுக்க முன்வந்தனர். 20 வீதத்துக்குக் குறைந்தால், தமக்கும் நட்டம் எனத் தெரிந்தே பலர் மறுத்தனர்.

பின்னர் அமெரிக்க மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிச் இதனைப் பெரு நாட்டுக் காடுகளில் வாழும் மச்சிகெங்கா மக்களிடம் கொண்டு சென்றார். அங்கே சராசரிப் பங்கு 26 வீதமே. 21 பேரில் ஒருவர் மட்டுமே மறுத்தார். குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் அவர்கள், அந்நியரிடம் பங்கை எதிர்பார்ப்பதில்லை.

அதன்பின் 12 நாடுகளில் 15 சிறு சமூகங்கள் ஆராயப்பட்டன. இந்தோனேசியாவின் லாமலேரா கிராமத்தார் பாதிக்கும் மேலாகக் கொடுத்தனர். அவர்கள் படகில் கூடிச் சென்று திமிங்கிலம் பிடிப்பவர்கள். இறைச்சியை முறைப்படி பங்கிடுபவர்கள். பப்புவா நியூகினியின் ஆவ், க்னாவ் மக்களிலோ, பாதிக்கு மேல் தந்தபோதும் சிலர் மறுத்தனர். அங்கே பரிசை ஏற்பது, ஒருநாள் தீர்க்கவேண்டிய கடனாகும்.

பாடநூல் கூறும் சுயநல மனிதன் இந்த 15 சமூகங்களில் எங்கும் முழுமையாகக் காணப்படவில்லை. சந்தை மனிதரைச் சுயநலக்காரராக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால், சந்தையில் கொடுத்து வாங்கும் பழக்கமும் கூட்டுத்தொழிலும் கூடிய சமூகங்களே அதிகம் பகிர்ந்தன. அந்நியருடன் பழகப் பழகவே அவருக்கும் ஒரு பங்குண்டு என்ற எண்ணம் வளர்கிறது என்றே இதனை நான் விளங்கிக்கொள்கிறேன். தன் வீட்டாருக்குள் மட்டும் நீதியாக நடப்பது எளிது. அறியாத ஒருவருக்கும் அதே நீதியை வழங்க, அவரோடு சேர்ந்து உழைத்துப் பார்க்க வேண்டும்.