சுக்குட்டிக் கீரையும் 14 நாள் மாத்திரையும்

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். வாதம் தீர வேண்டிக்கொள்ளும் தலமும் அதுதான். சனி பகவானைப் பிடித்த வாத நோய் இங்கே திருமறைநாதர் சந்நிதியில் நீங்கியதாகத் தலபுராணம் சொல்கிறது. மூட்டு வலிக்கு இன்று ஊருக்கு ஊர் மருந்துக்கடையும் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள், வயிற்றுப்புண்ணின் இரண்டு முக்கியக் காரணங்களில் ஒன்று. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலம் ஊறுவதையே அவை குறைத்துவிடுகின்றன.

மற்றொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் தங்காது என்றே மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை வளர்த்துக் காட்டினார்கள். அப்போதும் நம்பாதவர்களே அதிகம். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் மிளகாய்? காரம் எரிச்சலைக் கிளப்பும், ஏற்கெனவே உள்ள புண்ணைச் சீண்டும். ஆனால் புண்ணை உண்டாக்குவது அதுவல்ல. சிங்கப்பூரில் சீனர்களிடையே நடத்தி 1995இல் வெளியான ஓர் ஆய்வில், அல்சர் இல்லாதவர்கள்தான் அதிகம் மிளகாய் சாப்பிட்டிருந்தார்கள். வேளை தவறிச் சாப்பிடுவதும் அப்படித்தான்: வலியைக் கூட்டும், வேர்க்காரணம் ஆகாது.

உணவுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1950, 60களில் மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற ஆங்கில அறுவை மருத்துவர், இந்தியாவில் முன்சிறுகுடல் புண் எங்கெங்கே அதிகம் என்று தேடினார். அரிசியை நம்பி வாழும் தெற்கிலும் கிழக்கிலும் அது கூடுதல். கோதுமையும் சிறுதானியமும் உண்ணும் பகுதிகளில் குறைவு. அடுத்த கட்டமாக அவரும் ஜெயராஜ் என்ற ஆய்வாளரும் எலிகளில் சோதித்துப் பார்த்தபோது, கொள்ளில் உள்ள கொழுப்புக்கூறு புண் வராமல் காத்தது. வைகை, பெரியாறு பாசனத்தில் நெல்லுச் சோறே பிரதானமாகிவிட்ட மேலூர்ப் பக்கத்து வீடுகளில், கொள்ளு ரசமும் கேழ்வரகுக் கூழும் மறுபடி அடிக்கடி இடம்பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

வயிற்றுப்புண் என்றதும் மதுரைப் பக்கத்தில் முதலில் சொல்வது சுக்குட்டிக் கீரை, அதாவது மணத்தக்காளி. தேங்காய்ப் பால் விட்டுச் சமைத்துக் கொடுப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு அதன் சாற்றைக் கொடுத்தபோது அமிலச் சுரப்பு குறைந்தது, புண்ணும் ஆறியது. வாழைக்காய்ப் பொடியைப் பற்றி 1960களிலேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். அது சளிப்படலத்தைத் தடிமனாக்குகிறது. 1949இல் கார்னெட் செனி என்ற அமெரிக்க மருத்துவர் 13 நோயாளிகளுக்குப் பச்சை முட்டைக்கோஸ் சாறு கொடுத்து, புண் விரைவாக ஆறியதாக எழுதினார். சாறு குடிக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை அது. இவை எல்லாமே நம்பிக்கை தரும் தடயங்கள். ஆனால் எலியின் வயிறு வேறு, பல ஆண்டுகளாகக் கிருமி குடியிருக்கும் மனித வயிறு வேறு.

அதிமதுரத்தின் கதை இன்னும் அழுத்தமானது. அதிலிருந்து எடுத்த கார்பினாக்சலோன் 1960களில் பிரிட்டனில் அல்சருக்கு மருந்தாகவே வந்தது, புண்ணையும் ஆற்றியது. கூடவே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றியது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிப்பது ஆபத்து. நாட்டு மருந்துக்கடையில் கிடைப்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. பாலும் அப்படியே: குடித்தவுடன் எரிச்சல் அடங்கும், பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். பழைய சோற்றைச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை ஆராய்ந்தது குடல் அழற்சிக்காக. இரைப்பைப் புண்ணுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

கிருமி இருக்கிறதா என்பது மூச்சு, மலப் பரிசோதனைகளிலோ எண்டோஸ்கோப்பியிலோ தெரிந்துவிடும். இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் பெரும்பாலும் 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வலி நின்றதும் ஐந்தாம் நாளே நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடிந்து நான்கு வாரமாவது கழித்து மறுபரிசோதனை அவசியம். கீரையும் கொள்ளும் இந்தச் சிகிச்சையோடு தாராளமாகப் போகலாம். புகைப்பதையும் குடியையும் விட்டே ஆக வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் எந்த மாத்திரையைத் தொடரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மலம் தார்போலக் கறுத்துப் போனாலும், வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். திடீரென வலி வெட்டி இழுத்து வயிறு பலகைபோல் இறுகினால், புண் ஓட்டையாகியிருக்கலாம். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்துக்கு, உடனே கொண்டுபோக வேண்டும். வழியில் மோரோ இளநீரோ, எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.