அழையாச் சுருதி

வயலினோ கிதாரோ வாய்ப்பாட்டோ, எதுவாயினும் மடிக்கணினியில் பதிந்து, அடுக்கி, மெருகிட்டுப் பாட்டாக்கும் பழக்கம் நம் விடுதிகளில் வேரூன்றிவிட்டது. நன்று. ஆனால் பதிவு தொடங்கிய சிறிது நேரத்தில் அன்பர் எவரேனும் என்னைத் தேடி வருவார். "‘ம்ம்’ என்று ஓர் ஓசை கேட்கிறதே, கணினி கெட்டுவிட்டதா?" என்று வினவுவார். பெரும்பாலும் கணினி கெடவில்லை. அவ்வோசை கணினியில் பிறக்கவும் இல்லை. அது வந்த வழியைக் கண்டால் போதும். அவ்வழியைக் காணும் முறையையும், ஓசையை அடக்குவதற்காக நம்மவர் சிலர் துணிந்து செய்யும் கொடிய காரியம் ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் இக்கொல்கத்தா நகரில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தபோது இத்தொல்லை இருந்ததில்லை. நகரில் 1899 ஏப்ரலிலேயே மின்சார விநியோகம் தொடங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் அப்பதிவுக்கு அது தேவைப்படவில்லை. பாடகியின் குரல் ஒரு கொம்பின் வழியே புகுந்து ஊசியை அசைத்தது, ஊசி மெழுகில் கீறியது, அவ்வளவே. 1925 அளவில் மைக்கும் பெருக்கியும் ஒலிப்பதிவுக்குள் வந்தன. பாட்டின் நுணுக்கம் பெருகியது. வீட்டு மின்சாரமும் தன் குரலைச் சேர்த்துக்கொள்ள வழி பிறந்தது.

அக்குரலை நம் இசை வழக்கிலேயே அடையாளம் காணலாம். நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 முறை அலைவது. இரைச்சலில் 50 மட்டுமன்றி அதன் மடங்குகளாகிய 100, 150, 200 ஆகிய அதிர்வுகளும் கலந்து வரும். ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம் ஏறத்தாழ 196 அதிர்வு. ஐந்தரைக் கட்டைக்கு 208. நம் மின்சாரத்தின் 200 இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது! ஐந்து கட்டையில் பாடும் நங்கையின் பதிவில் இது புகுந்தால், தம்பூராவின் அருகே சற்று ஏறிய மற்றொரு தம்பூராவை யாரோ மீட்டுவது போலிருக்கும். பாட்டு நன்றாயிருந்தும் ஏதோ உறுத்துகிறது என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா இரைச்சலும் மின்சார இரைச்சல் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடும்போது இடையிடையே ‘படபட’ எனப் பொரிவது வேறு நோய். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாக எடுத்துக் கையாளுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது, 128 மாதிரிகள் கொண்ட பொட்டலத்துக்கு மூன்று மில்லிநொடிக்கும் குறைவான நேரமே கிடைக்கும். அதற்குள் வேலை முடியாவிட்டால் ஒலி அறுந்து பொரியும். பொட்டலத்தை 512 ஆக்கினால் ஏறத்தாழ 11.6 மில்லிநொடி கிடைக்கும்; பொரிதல் பெரும்பாலும் நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும்போது கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு, அதனாலும் பொரியும். இதற்கு வயரை மாற்றிப் பயனில்லை. அமைப்பை மாற்ற வேண்டும்.

இனி ‘ம்ம்’ ஓசைக்கு வருவோம். மடிக்கணினியின் அடாப்டர் சன்னலோரப் பிளக்கில் இருக்கிறது. மிக்சர் (தின்னும் மிக்சர் அன்று, ஒலிகளைக் கலக்கும் பெட்டி) எதிர்ச்சுவரில் உள்ள பிளக்கில் இருக்கிறது. இரண்டிலும் எர்த் உண்டு. ஆனால் இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மட்டம் வேறுபட்ட இரண்டு குளங்களை ஒரு வாய்க்காலால் இணைத்தால் நீர் ஓடாமல் இருக்குமா? கணினியிலிருந்து மிக்சருக்கு நாம் இழுக்கும் ஒலி வயரே அவ்வாய்க்கால். அதன் மேலுறைக் கம்பிவலை இரண்டு எர்த்தையும் இணைத்துவிடுகிறது. சாதாரண வயரில் இசைக்குத் திரும்பும் பாதையும் அவ்வலையே ஆதலால், ஓடும் மின்சாரம் இசையோடு கலந்து பெருக்கிக்குள் செல்கிறது. எலிப்பெட்டியை, அதாவது மவுசை, நகர்த்தும்போது ‘கீச்’சென்று மாறும் ஓசையும் பெரும்பாலும் இவ்வழியே வருவதுதான், அது கணினியின் உள்வேலை மின்னோட்டத்தின் குரல்.

சோதனை எளிது. முதலில் அடாப்டரைப் பிடுங்கி, கணினியை மின்கலத்தில் ஓடவிடுங்கள். ஓசை உடனே நின்றால் வழி அடாப்டர் வழியே என்று தெளிவாயிற்று. அடுத்து, எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக்குப் பலகையில் சேருங்கள். குளம் ஒன்றாகிவிட்டால் வாய்க்காலில் ஓட்டம் ஏது? அப்போதும் எஞ்சினால் தனிப்படுத்தும் மின்மாற்றி உள்ள டி.ஐ. பெட்டி ஒன்றை இடையில் வையுங்கள். அதனுள் இரண்டு கம்பிச்சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இசை காந்தத்தின் வழியே தாவும். எர்த் மின்சாரம் தாவ இயலாது. சாந்தினி சந்தையில் மின்பொருட் கடைகளைத் தேடிச் செல்லுமுன் இசைக்கருவிக் கடையில் கேட்பது மேல். மேடைக் கலைஞர்கள் நாள்தோறும் கையாளும் பொருள் அது.

அடாப்டரைப் பிடுங்கியும் ஓசை நிற்கவில்லை எனின், அறையைப் பாருங்கள். மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டர் ஒவ்வோர் அலையையும் நறுக்கி விடுகிறது. அது நொடிக்கு நூறு வெட்டு. கிதாரின் கம்பிச்சுருள் அதை வானொலிபோல் வாங்கிக்கொள்ளும். விசிறியை நிறுத்திப் பாருங்கள்; அல்லது முழு வேகத்தில் விடுங்கள். (வைகாசி மாதக் கொல்கத்தாவில் விசிறியை நிறுத்திப் பாடுவது தவமே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) கிதாரைக் கையில் பிடித்தபடி மெல்லத் திரும்பினால் ஓசை குறையும் திசை ஒன்று இருக்கும்.

இரு முள் அடாப்டர் உடையவர்கள், கணினியின் உலோக உடலைத் தடவும்போது ‘சுர்’ரென்று ஓர் உணர்ச்சி தோன்றுவதாகக் கூறுவர். அடாப்டர் தானே எழுப்பும் இரைச்சலை அடக்குவதற்காக அதனுள் ஒரு சிறு மின்தேக்கி வைத்திருக்கிறார்கள். அதன் வழியே கசிந்து வரும் மின்சாரம் அது. நல்ல அடாப்டரில் அது கால் மில்லியாம்பியரைத் தாண்டாது, அஞ்ச வேண்டியதில்லை. மலிவான போலி அடாப்டருக்கு அவ்வுறுதியை நான் தரமாட்டேன். கை பட்டதும் இரைச்சல் குறைகிறது என்றால், அங்கே எர்த் இல்லாமையே குறை. எர்த் உள்ள மூன்று முள் வயரை ஏற்கும் அடாப்டராயின் அதையே பயன்படுத்துக.

இப்பொழுது அக்கொடிய காரியத்தைச் சொல்கிறேன். மூன்று முள் பிளக்கில் மேலே பருத்து நீண்டிருப்பது எர்த் முள். அதை ஒடித்துவிட்டால், அல்லது அதன் வயரைக் கழற்றிவிட்டால், ‘ம்ம்’ ஓசை மாயமாய் மறையும். வாடகைக்கு ஒலிபெருக்கி கொண்டு வருவோரிடமும் இவ்வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். வாய்க்கால் அடைபட்டது மெய்தான். ஆனால் பெருக்கியின் உள்ளே என்றேனும் ஒரு வயர் நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை பெருமின்சாரம் அதன் வழியே ஓடி, பியூஸ் போய்விடும். எர்த் இல்லையேல் பெட்டி 230 வோல்ட்டில் காத்து நிற்கும். மைக்கின் உலோகமும் கிதார்க் கம்பியும் அவ்வப் பெட்டியோடு இணைந்தவை. ஒரு கையில் கிதார், மறுகையில் மைக். இடையில் இருப்பது பாடுபவரின் நெஞ்சு. ஸ்டோன் த குரோஸ் என்னும் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், நிலத்தொடர்பு செவ்வையாக இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்தாக்கி இறந்தார். ஆகவே சங்க விழாக்களில் பிளக்கைப் பார்க்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து. முள் ஒடிந்த பிளக்கு மேடையேறக் கூடாது. முள் இருந்தும் சுவரில் எர்த் உயிரோடு இருக்கிறதா என்பதை மின்பணியாளர் கருவி வைத்து அளந்து சொல்லட்டும். டெஸ்டரின் சிறுவிளக்கு அதைச் சொல்லாது.

மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பர். மலிவான இன்வெர்ட்டர் தருவது வளைந்த அலை அன்று, சதுரப் படிக்கட்டு. அதன் கூரிய முனைகள் பதிவில் ‘ர்ர்’ என்று கேட்கும். அந்நேரத்தில் கணினியை மின்கலத்திலேயே ஓட்டி, யு.எஸ்.பி. வழியே ஆற்றல் பெறும் ஒலிப்பெட்டியில் பதிவதே சிறப்பு. கால்பைசாகிப் புயல் வரும் மாலைகளிலும், முதல் இடி கேட்டவுடன் அடாப்டரையும் இணைய வயரையும் பிடுங்கிவிட்டு அவ்வாறே பதியலாம். இடியோசை பதிவில் விழும். அதற்கு என்னிடம் மருந்தில்லை.