இரத்மலானையும் பலாலியும்: இரண்டு சிறிய விமான நிலையங்களும் நாங்களும்

விமான நிலையம் என்றதும் நம்மில் பலருக்குக் கட்டுநாயக்காதான் நினைவுக்கு வரும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்களுக்கு அது பழகிய இடம். ஆனால் யுத்தம் எங்கள் வாழ்க்கையோடு பிணைத்து விட்டவை வேறு இரண்டு சிறிய விமான நிலையங்கள். ஒன்று கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை. மற்றது வடக்கே உள்ள பலாலி.

நான் தெஹியோவிட்டவைச் சேர்ந்தவள். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பிறகு கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. என் பெரியம்மா குடும்பமும் அவ்வாறு போனதுதான். ஓரிடத்தில் அடி வாங்கி இன்னோர் இடத்தில் யுத்தத்துக்குள் அகப்பட்டவர்கள் அவர்கள்.

யுத்தத்துக்கு முன்

இரத்மலானை இந்நாட்டின் முதலாவது விமான நிலையம். 1935 நவம்பர் 27ஆம் திகதி சென்னையிலிருந்து வந்த சிறிய விமானம் ஒன்று முதன்முதலாக அங்கே இறங்கியது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் தேவைக்காக அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தனது முதலாவது சேவையை ஆரம்பித்தபோது, விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் தரித்துச் சென்னைக்குப் போனது. வடக்கும் தெற்கும் தமிழகமும் அன்று ஒரே பாதையில் இணைந்திருந்தன.

1960களின் பிற்பகுதியில் பெரிய விமானங்கள் கட்டுநாயக்காவுக்கு மாறின. அதன் பின்னர் விமானம் ஓட்டப் பழக்கும் பாடசாலைகள், வாடகைக்கு ஓடும் சிறு விமானங்கள், திருத்த வேலைத்தலங்கள், விமானப்படை முகாம் என்பனவே இரத்மலானையில் மிஞ்சின.

கொட்டகையில் தஞ்சம்

1983 ஜூலையில் இரத்மலானைக்கு வேறொரு பயன் வந்தது. விமானங்களை நிறுத்தும் கொட்டகை அகதி முகாமாயிற்று. வீடும் கடையும் எரிக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே தங்கின. பலர் பின்னர் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். தாய்மாரும் கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் சீமெந்துத் தரையில் படுத்த இடம் அது என்பதை அங்கே விமானம் ஏறுகிற இன்றைய பிள்ளைகளும் அறிய வேண்டும்.

பலாலியின் கதை இன்னும் நீண்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். விமானத்தளத்தைச் சுற்றிய வீடுகளும் தோட்டக் காணிகளும் கோயில்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. தரைப்பாதை மூடப்பட்ட காலங்களில் யாழ்ப்பாணத்தார் கொழும்புக்கு வர விமானமும் கப்பலுமே வழி. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் விழுந்து 55 பேரும் மாண்டனர். அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அருகே 2012இல்தான் கண்டெடுக்கப்பட்டன. உடலைக் காணாமல் பதினான்கு வருடம் காத்திருப்பது என்றால் என்னவென்று இதை வாசிக்கும் பல சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது

பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றுபோன அச்சேவை 2022 டிசம்பர் 12ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. 2025இல் திருச்சிக்கும் விமானம் விடப்பட்டது. தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளையும் சகோதரர்களையும் கொண்ட தாய்மாருக்கு இது பெரிய ஆறுதல். கொழும்பு வரை இரவு பகலாகப் பேருந்தில் போகத் தேவையில்லை.

சிறிய விமான நிலையத்தில் வாசலிலிருந்து விமானம் வரை நடந்தே போய்விடலாம். ஆனால் வசதி என்பது ஓடுபாதையும் கட்டடமும் மட்டுமல்ல. என் பெரியம்மா மகளின் தொடையில் இன்னமும் ஷெல் துண்டு இருக்கிறது. நான் அக்காவோடு போயிருந்த ஒரு விமான நிலையத்தில் பரிசோதனைக் கருவி சத்தமிட்டது. எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு விளங்காத மொழியில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அக்கா நடுங்கிப் போனார். யுத்த காலச் சோதனைச் சாவடிதான் அவர் கண்முன் வந்திருக்கிறது. கடைசியில் ஒரு பெண் உத்தியோகத்தர் தனியறைக்கு அழைத்துப் போய் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆகவே சகோதரிகளே, பயணம் போகும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

• உடம்பில் குண்டுத் துண்டோ உலோகத் தகடோ இருந்தால், செயற்கைக் கால் அணிந்திருந்தால், வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்கு முன் போகும்போதே அதைக் காட்டுங்கள்.

• உடற்பரிசோதனையைப் பெண் உத்தியோகத்தர் மறைவான இடத்தில் செய்ய வேண்டுமெனக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல.

• சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கட் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

• இந்தியாவில் பிறந்த பிள்ளைகளோடு திரும்புவோர் பிறப்புச் சான்றிதழையும் இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவையும் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரித்து ஒழுங்கு செய்யுங்கள்.

தீராத இரண்டு விடயங்கள்

2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து பலாலிக்குத் திரும்பிய முதியவர் ஒருவர், முன்னர் முறையான வழியில் நாட்டை விட்டுப் போகவில்லை என்று கைது செய்யப்பட்டார். உயிர் தப்ப வள்ளம் ஏறியவர்களிடம் அன்று கடவுச்சீட்டு எங்கே இருந்தது? திரும்பி வருவோரை இப்படி வரவேற்றால் மற்றவர்கள் எப்படி வருவார்கள்?

இரண்டாவது காணி. வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டுள்ளன. ஆயினும் எல்லாக் காணிகளும் உரியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கணவரை இழந்து குடும்பத் தலைமையை ஏற்ற பெண்களுக்கு அந்தக் காணிதான் சீதனம், தொழில், முதுமைக்கால உணவு. விமான நிலையம் வளர வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அதற்கு உண்மையாகத் தேவைப்படும் காணி எவ்வளவு என்பதை வெளிப்படையாக அளந்து சொல்ல வேண்டும். எடுக்கும் காணிக்கு நியாயமான நட்டஈடும், மிச்சக் காணியும் உரியவர் கைக்கு வரவேண்டும். உறுதி தொலைந்துபோன பெண்கள் பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் தம் உரிமையை இப்போதே பதிந்து வைப்பது நல்லது. அளவைக்காரர் வந்து நின்ற பிறகு ஓடித் திரிவதை விட அது மேல்.