இணைய வழங்கிகளின் பராமரிப்பு : மொழிப் பதிப்பு மாற்றம் ஏன், எவ்வாறு?

கால்வாய் வெட்டுவதற்குத் திட்ட நிதி எளிதில் கிடைக்கிறது. தூர் வாருவதற்கான நிதி பெரும்பாலும் பின்னரே நினைவுக்கு வருகிறது. கணிப்பொறி வாயிலாக வழங்கப்படும் அரசுச் சேவைகளுக்கும் இது பொருந்தும்.

இந்தியக் கணிப்பொறி வளர்ச்சியில் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. 1988-இல் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனம், பரம் 8000 மீக்கணிப்பொறியை 1991-இல் இந்நகரில் உருவாக்கியது. தேசியத் தகவலியல் மையத்தின் தேசியத் தரவு மையங்களுள் ஒன்று இங்கு இயங்குகிறது. மகாராஷ்டிரத்தின் நில ஆவணத் துறைத் தலைமையகமும் இங்கேயே உள்ளது. தமிழகத்தின் பட்டா, அடங்கல் போன்று அம்மாநில விவசாயிக்கு இன்றியமையாதது 'சாத்பாரா' எனப்படும் 7/12 நகலாகும். முன்பு தலாட்டி எனப்படும் கிராமக் கணக்கரிடம் பெற வேண்டியிருந்த இந்நகல், இன்று இணையத்தில் கிடைக்கிறது. ஆகவே, இத்தகைய சேவையைத் தாங்கும் வழங்கி முடங்கினால், பயிர்க்கடனும் தாமதமாகலாம்.

மென்பொருளின் தேய்மானம்

இயந்திரம் உழைப்பால் தேய்கிறது. மென்பொருளின் எழுத்துகள் தேய்வதில்லை. ஆயினும் அதனைச் சூழ்ந்துள்ளவை மாறுவதால் அதன் பயன்மதிப்பு குறைகிறது. லினக்ஸ் வழங்கிகளில் பரவலாகப் பயன்படும் பிஎச்பி மொழியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட இம்மொழி, இன்று ஆண்டுதோறும் புதிய பதிப்பைக் காண்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் குறிப்பிட்ட காலம் வரையிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும். 5.6-ஆம் பதிப்புக்கு 2018 டிசம்பரிலும், 7.4-ஆம் பதிப்புக்கு 2022 நவம்பரிலும் இவை நிறுத்தப்பட்டன.

இதன் விளைவு 2019 அக்டோபரில் புலனாயிற்று. என்ஜின்எக்ஸ் மென்பொருளுடன் பிஎச்பி குறிப்பிட்ட முறையில் இணைக்கப்பட்டிருந்த வழங்கிகளில், வெளியார் தம் கட்டளைகளை இயக்க வழிதரும் குறைபாடு ஒன்று வெளிப்பட்டது. மொழியை உருவாக்குவோர் 7.1, 7.2, 7.3 ஆகிய பதிப்புகளுக்கே திருத்தம் வெளியிட்டனர். லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பழைய பதிப்புகளுக்குச் சில காலம் தாமே திருத்தம் வழங்குவதுண்டு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பிஎச்பி 5.4-உடன் வந்த சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30-உடன் தன் ஆதரவுக் காலத்தை முடித்துக்கொண்டது.

மாற்றத்தின் இடர்கள்

எனினும், புதிய பதிப்பை நிறுவுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகப் பயன்பட்ட பழைய கட்டளைத் தொகுதி ஒன்று 7.0-இல் நீக்கப்பட்டது. அதனை நம்பியிருந்த நிரல்கள் புதிய பதிப்பில் இயங்கா. இவ்வகைப் பிழை உடனே கண்ணுக்குப் புலப்படும்.

புலப்படாத பிழையே கொடிது. சுழியமும் ஒரு சொல்லும் சமமா என்று வினவினால், 7-ஆம் பதிப்பு 'ஆம்' என்றது. 8-ஆம் பதிப்பு 'இல்லை' என்கிறது. பயனாளியின் தகுதியை இத்தகைய ஒப்பீட்டால் முடிவு செய்யும் நிரல், எவ்வித எச்சரிக்கையுமின்றி வேறொரு விடையைத் தரக்கூடும். ஆதலால் பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது போதாது. பழைய விண்ணப்பங்களை மீண்டும் செலுத்தி, விடைகளை ஒப்பிட வேண்டும்.

செயல்முறை

முதற்கண், வழங்கியில் இயங்கும் நிரல்கள், துணைத் தொகுதிகள் ஆகியவற்றின் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். அடுத்து, நிரல்களையும் தரவுத்தளத்தையும் பிரதியெடுத்து, அப்பிரதியிலிருந்து அவற்றை மீட்க இயலுமா என்பதையும் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, தனியொரு சோதனை வழங்கியில் புதிய பதிப்பை நிறுவி, நீக்கப்பட்ட கட்டளைகளை மாற்றி எழுத வேண்டும். லினக்ஸில் இரு பதிப்புகளை அருகருகே நிறுவ இயலும். எனவே, பயன்பாடு குறைந்த நேரத்தில் தளத்தைப் புதிய பதிப்புக்குத் திருப்பிவிட்டு, இடர் நேரின் சில நிமிடங்களில் பழையதற்கு மீளலாம். சில நாட்கள் பிழைப் பதிவேடுகளைக் கண்காணித்த பின்னரே பழைய பதிப்பை அகற்றுதல் நன்று.

நிதியும் பொறுப்பும்

இப்பணிக்கு உரிமக் கட்டணம் ஏதுமில்லை. பிஎச்பியும் லினக்ஸும் திறந்த மூல மென்பொருள்களே. செலவெல்லாம் மனித உழைப்புக்கே. இணையத்தளம் அமைக்கும் ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் விலகியபின், நிரலை அறிந்தவர் எவரும் அலுவலகத்தில் இல்லாத நிலை ஏற்படுமாயின், பதிப்பு மாற்றம் ஆண்டுதோறும் ஒத்திப்போடப்படும். ஒத்திப்போடும் ஒவ்வோர் ஆண்டும், தாண்ட வேண்டிய பதிப்புகள் பெருகிச் செலவும் உயரும்.

ஆகவே, மூல ஒப்பந்தத்திலேயே நிரலின் மூலப்படியும் விளக்கக் குறிப்புகளும் அரசுக்கு உரியன என வரையறுப்பதும், பதிப்பு மாற்றத்துக்கென ஆண்டுச் செலவினத்தில் தனித் தலைப்பு வைப்பதும், ஆதரவு முடியும் நாளைப் பதிவேட்டில் குறித்து அதற்குப் பொறுப்பான அலுவலரை நியமிப்பதும் இன்றியமையாதனவாகும். தூர் வாரப்படாத கால்வாயில் கடைமடைக்கு நீர் சேர்வதில்லை. இணையச் சேவையின் கடைமடையில் காத்திருப்பவர், நகலொன்றை நாடி வரும் சிறு விவசாயியே ஆவார்.